நூலை அழிக்கிற வேலை

ஸ்டுடியோவை மூடியபோது குட்டிக்கு நாற்பது தாண்டியிருந்தது. வீட்டில் கடைசியாகப் பிறந்தவள் என்பதால் குட்டி. அந்தப் பெயரும் அவளோடு சேர்ந்தே வயதாகிக்கொண்டிருந்தது. கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்களின் பருக்களையும் மாப்பிள்ளைகளின் தொப்பையையும் கணினியில் அழித்துக் கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவள். இப்போது ஃபோனே அதையெல்லாம் செய்துவிடுகிறது என்று முதலாளி கடையைக் காலி செய்துவிட்டார்.

"அதுக்கென்ன, அவருகிட்டயே வந்துடு," என்றாள் அக்கா. "எடிட்டிங்குக்கு ஆள் வேணும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. வெளியாள் வேண்டாமாம். வீட்டு மனுஷியா இருந்தா நல்லதாம்."

வெளியாள் ஏன் கூடாது என்று கேட்கக் குட்டிக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அப்போது இருந்த சந்தோஷத்தில் எதுவுமே தோன்றியிருக்காது.

அக்காவின் கணவர் சாதாரண ஆள் இல்லை. பூச்சி, தவளை, சிறு பறவை என்று அவர் எடுத்த படங்கள் காலண்டர்களிலும் டைரி அட்டைகளிலும் வங்கிகளின் சுவர்களிலும் இருந்தன. புகைப்படக் கழகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பொறுமை' என்பார்கள். "பொறுமை வந்தாச்சா?" "இன்னிக்குப் பொறுமை பேசறாரு." அவர் மேடையேறினால் ஒரே பேச்சுதான்: "இயற்கை நமக்கு ஒரே ஒரு நொடிதான் கொடுக்கும். அந்த நொடிக்காக நாள் முழுக்க உட்காரத் தெரியணும்." அடக்கமான குரல். கேட்கிறவர்கள் அப்படியே உருகிப்போவார்கள்.

குட்டிக்கு அந்தப் படங்களோடு வேறொரு கணக்கும் இருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு மருத்துவமனையில் கிடந்த நாட்களில் அவளுடைய கட்டிலுக்கு எதிரே அத்தானின் படம் ஒன்று மாட்டியிருந்தது. மழையில் ஒரு பச்சைத் தவளை, ஓர் இலையைக் குடைபோல் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்கும். வலி வரும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனூண்டு உயிரே மழையைச் சமாளிக்கிறது, நமக்கென்ன என்று தோன்றும். வீட்டுக்கு வந்தபின் அக்காவிடம் கேட்டு அதில் ஒரு பிரதி வாங்கிக் கூடத்தில் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். "நமக்கு ஒரு குடை வாங்க வக்கில்ல, தவளைக்குக் குடையைப் பாரு," என்று கிண்டல் செய்வார். ஆனால் வருகிறவர்களிடம் எல்லாம் சகலையின் படம் என்று அவர்தான் முதலில் காட்டுவார்.

வேலை அக்கா வீட்டு மாடியறையில். ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை, பெரிய திரையுடன் கணினி, மூலையில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், தொட்டிச் செடிகள் நாலைந்து. அறையில் செடிகள் எதற்கு என்று நினைத்தாள். வெயில் படாத இடத்தில் அவை எப்போதும் புதிதாகவே இருந்தன. வாடினால் அத்தான் மாற்றிவிடுவார்.

முதல் சில நாட்கள் தூசி, புள்ளி, நிறத்திருத்தம். பிறகு அத்தான் ஒரு தொகுப்பைக் கொடுத்தார். இரண்டு தவளைகள், ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு நிற்பதுபோல. குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு அழகு. படத்தைப் பெரிதாக்கினாள். தவளையின் முன்னங்காலிலிருந்து ஒரு கோடு மேலே போனது. சிலந்தி நூல் என்று நினைத்து இன்னும் பெரிதாக்கினாள். சிலந்தி முடிச்சுப் போடாது. நைலான் நூல். அது கட்டியிருந்த இடத்தில் தோல் வழன்று, உள்ளே ரோஜா நிறத்தில் ஈரமாக மின்னியது.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"அத்தான், இதுல நூல் இருக்கு."

"ஆமா. அதைத்தான் அழிக்கணும்," என்றார் அவர், லென்ஸைத் துடைத்துக்கொண்டே. "ஓரம் பிசிறில்லாம வரணும். நிழல் இருக்கும், அதையும் மறந்துடாத."

"கட்டிப் போட்டா எடுக்கறீங்க?"

"கட்டலைம்மா. கொஞ்சம் பிடிச்சு நிறுத்தறது. சின்னக் குழந்தையைப் படம் எடுக்கறப்ப அம்மா பின்னாடி பிடிச்சுக்க மாட்டாளா? அதே மாதிரி. எடுத்ததும் விட்டுடுவோம்."

அப்படிச் சொன்னபோது அது நியாயமாகவே பட்டது. அவர் சொன்ன விதம் அப்படி. குட்டி நூலை அழித்தாள். பக்கத்துத் தோலிலிருந்து பச்சையை எடுத்துக் காயத்தின்மேல் பூசினாள். பருவை மறைக்கிற அதே கைவேலை. ஆனால் அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விரல்களில் ஏதோ ஒட்டியிருப்பதுபோலவே இருந்தது. இரண்டுமுறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அதன்பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பனித்துளி என்று உலகம் பார்த்து ரசித்தது கிளிசரின். விடியற்காலைச் சூரியன் என்பது ஆரஞ்சுத் தாள் ஒட்டிய விளக்கு. பொழிகிற மழை, பூவாளி. தும்பிகள் இறக்கையை விரித்து அசையாமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் மூலையிலிருந்த குட்டி ஃப்ரிட்ஜ். குளிரில் போட்டு வைத்தால் அவற்றுக்கு உடம்பு மரத்துவிடும். எடுத்து இலையில் வைத்தால் மரம்போல இருக்கும். சில, மரத்தது மரத்தபடியே போய்விடும். அந்தப் படங்களில் கண் மங்கியிருக்கும். கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி வைத்து உயிர் கொடுப்பதும் குட்டியின் வேலையாயிற்று.

வீட்டுக்குப் போனதும் கூடத்திலிருந்த தவளைப் படத்தின் முன்னால் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தாள். இலைக்காம்பைப் பிடித்திருந்த விரல்களுக்கடியில் ஒரு மங்கல். அவளுக்கு முன்னால் வேலை பார்த்தவனுக்கு அவ்வளவு கைத்திறமை இல்லை. படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"ஏன், குடை கிழிஞ்சுடுச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

அவளால் சிரிக்க முடியவில்லை.

ஒருநாள் மதியம் அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது குட்டி சாப்பாட்டை எடுத்துவைக்கச் சமையலறை ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கீழ்த்தட்டில் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. நறுக்கிவைத்த காய் என்று ஒன்றைத் திறந்தாள். முதலில் நாற்றம் வந்தது, பிறகுதான் கண்ணில் பட்டது. ஈரத்துணியின்மேல் ஒரு தவளை மல்லாந்து கிடந்தது. இன்னொன்று மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, மூடியோடேயே வந்தது. வயிற்றுத்தோல் பிளாஸ்டிக்கில் பிடித்துப்போய், குட்டி கையை உதறியதில் பாதி அங்கேயே தங்கியது.

அவள் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு ஓடி வாந்தியெடுத்தாள். 

தலையில் துண்டோடு வந்த அக்கா என்னவென்று பார்த்தாள். "மாடி ஃப்ரிட்ஜ் நிரம்பிடுச்சுன்னு இங்க வச்சிருப்பாரு," என்றாள். டப்பாவைக் குப்பையில் கவிழ்த்தாள். வெந்நீர் விட்டு, தேய்த்து, துடைத்து, அலமாரியில் மற்ற டப்பாக்களோடு கவிழ்த்து வைத்தாள். குட்டி அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தினமும் மதியச் சாப்பாடு மாடிக்கு வருவது அந்த டப்பாக்களில்தான்.

"அக்கா, உனக்கு இது தெரியுமா?"

"என்ன தெரியுமா? கல்யாணமான முதல் வருஷமே தெரியும். ரெண்டு நாள் பட்டினி கிடந்தேன். அப்புறம் பழகிடுச்சு." துண்டை அவிழ்த்து முடியை உதறினாள். "கறி வாங்கறப்ப ஆட்டைக் கேட்டுட்டா வாங்கற? நீ ரொம்பத்தான் பண்றடி."

குட்டிக்குக் குமட்டியது தவளைக்காக மட்டும் இல்லை. அக்காவின் குரலில் கொஞ்சங்கூட மாற்றமே இல்லாததுதான் என்னவோ செய்தது. அதைவிடவும் தன்மேலேயே அருவருப்பு வந்தது: மறுநாள் வேலைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று ராத்திரி நினைத்தவள், காலையில் எழுந்து சொந்த டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பினாள். வேறு வேலை கிடைத்ததும் விட்டுவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வசந்தம் வந்தது. அத்தான் ஒரு சர்வதேசப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். வழக்கமாக அவரோடு போகிற உதவியாளருக்கு உடம்பு சரியில்லை. "வெயிலைத் திருப்பி விடற வெளிச்சத் தட்டியைப் பிடிக்க ஆள் வேணும். நீ வா," என்றார். 

ஊர் விளிம்பிலிருந்த பூங்காவில், பின்வேலியை ஒட்டிய அடர்ந்த புதரில் ஒரு கூடு. கட்டைவிரல் பருமனில் மூன்று குஞ்சுகள், மஞ்சள் வாய்களோடு. புதருக்குள் நல்ல நிழல். வெளியிலிருந்து யார் கண்ணுக்கும் படாத இடம் பார்த்துத்தான் அந்தத் தாய் கட்டியிருந்தது. அத்தான் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். முடிவெட்டுகிறவர்போல ஒவ்வொரு கிளையாக வெட்டிக் கீழே போட்டார். கொஞ்ச நேரத்தில் கூடு வெட்டவெளியில் இருந்தது. வெயில் நேராக அதன்மேல் விழுந்தது.

"அத்தான், சுடுமே அதுங்களுக்கு."

"அஞ்சு நிமிஷம். தட்டியைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்."

பிறகு அவர் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்தார். ஒரு குச்சியில் வரிசையாக உட்காரவைத்தார். அவை வழுக்கின. கால்களுக்கு இன்னும் பிடிமானம் வரவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்னக் குழாயை எடுத்து, பல்லால் மூடியைத் திருகி, ஒவ்வொரு காலுக்கும் ஒரு சொட்டு விட்டார். பிளாஸ்டிக் உடைந்தால் ஒட்டுகிற பசை. குஞ்சின் காலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினார், குழந்தையின் புண்ணுக்கு ஊதுவதுபோல.

"வேண்டாம் அத்தான்," என்றாள். சத்தம் வரவில்லை. அல்லது வந்தும் அவர் காதில் விழவில்லை.

தாய்ப்பறவை சுற்றிச் சுற்றிக் கத்தியது. கூட்டுக்குப் போனது, காலி. கடைசியில் வேறு வழியில்லாமல் குச்சிக்கே வந்தது. இறக்கையை விரித்து அந்தரத்தில் நின்றபடி நடுக் குஞ்சின் வாயில் புழுவை வைத்தது. இறக்கை வழியாக வெயில் ஊடுருவி, ஒவ்வொரு இறகும் தங்கக்கம்பிபோல எரிந்தது. மூன்று வாய்களும் அகலத் திறந்திருந்தன. கேமரா படபடவென்று ஓடியது.

அந்தக் கணத்தில் குட்டி மூச்சுவிட மறந்துபோனாள். வாழ்நாளில் அவ்வளவு அழகான ஒன்றை அவள் பார்த்ததில்லை. மனம் ஒரு நொடி அப்படியே மலர்ந்தது. மறுநொடியே நெஞ்சுக்குள் கசப்பு பொங்கி வாய்வரை வந்தது. அத்தான்மேல் வந்த அருவருப்பு வேறு, இது வேறு. தன் கண்ணையே பிடுங்கிக் கழுவவேண்டும்போல இருந்தது.

பிரித்தெடுக்கும்போது ஒரு குஞ்சின் கால்விரல் குச்சியிலேயே தங்கிவிட்டது. அத்தான் "ச்ச்" என்றார். கை தவறி டீயைக் கொட்டிக்கொண்டவர்போல. மூன்றையும் கூட்டில் போட்டுவிட்டு விரல்களிலிருந்த பசையை உரித்துக்கொண்டே வண்டிக்கு நடந்தார். 

சாயங்காலம் குட்டி தனியாகப் பூங்காவுக்குத் திரும்பி வந்தாள். வெட்டிப்போட்ட கிளைகள் வாடிக் கிடந்தன. கூட்டில் ஒரு குஞ்சு செத்திருந்தது. கால்விரல் போனது அதுதான். கண்ணிலும் வாயிலும் எறும்பு மொய்த்து, கறுப்பு நூலால் தைத்ததுபோல இருந்தது. இன்னொன்றைக் காணோம். மேலே காக்கைகள் இருந்தன. மூன்றாவது மட்டும் செத்ததன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, தொண்டை துடிக்க வாயைத் திறந்து திறந்து மூடியது. கைக்குட்டையால் செத்ததை எடுத்தாள். எறும்புகள் மணிக்கட்டுவரை ஏறின. கிளைகளைப் பொறுக்கி, துப்பட்டாவைக் கிழித்துக் கூட்டைச் சுற்றிக் கட்டினாள். கட்டத் தெரியாமல் கட்டினாள். தூரத்தில் போய் நின்று இருட்டும்வரை பார்த்தாள். தாய் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

அத்தான் அந்தப் படத்துக்குத் 'தாய்மை' என்று பெயர் வைத்தார். கால்களைச் சுற்றிப் பசை மின்னியது. அதை அழிக்கச் சொன்னார். குட்டி அழித்தாள். ஏன் அழித்தாள் என்று பின்னால் வீட்டுக்காரர் கேட்டார். கை பழகிய வேலை. உட்கார்ந்தால் கை தானாகச் செய்துவிடும். முடித்து எழுந்தபோது படம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. அக்கா வந்து பார்த்துக் கண் கலங்கினாள். உண்மையாகவே கலங்கினாள். "அம்மா ஞாபகம் வந்துடுச்சுடி," என்றாள். குட்டிக்கு அங்கே நிற்க முடியவில்லை.

படம் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானது. கழகத்தில் அத்தானைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். போட்டி நடத்துகிறவர்கள், திருத்தாத மூலப்படத்தையும் அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் அனுப்பச் சொன்னார்கள். அத்தான் அப்போது பாராட்டுக் கூட்டம் ஒன்றுக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "பார்த்து, சுத்தமா இருக்கறதா நாலு எடுத்து அனுப்பிடு. மூலத்துல மின்னுறதைப் பனின்னு நினைச்சுப்பாங்க, மத்ததுல பசை தெரியறது வேண்டாம். உனக்குச் சொல்லணுமா," என்றார்.

குட்டி மாடியேறினாள். மூலப்படங்களைத் திறந்தாள். கேமராவை முக்காலியில் மாட்டிய நேரத்திலிருந்தே, தானாக எடுத்துக்கொண்டே இருக்கும்படி அவர் அதை ஓடவிட்டிருந்தார். கத்தரிக்கோல் இருந்தது. குழாயைக் கடிக்கிற வாய் இருந்தது. குஞ்சின் காலைப் பிடித்து ஊதுகிற உதடுகள் இருந்தன. ஓரத்தில் வெளிச்சத் தட்டியோடு அவளும் இருந்தாள், வாய் லேசாகத் திறந்து. அவள் எதையும் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கீழே வந்தாள்.

"அனுப்பிட்டியா?"

"எல்லாத்தையும் அனுப்பிட்டேன், அத்தான்."

"எல்லாத்தையும்னா?"

"நீங்க எடுத்த எல்லாத்தையும்."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் சுருங்கி, வயதான முகமாக ஆனது. "புரிஞ்சுதான் பண்ணினியா?" என்றார். பிறகு, "எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்திருப்பாங்க. உனக்கு அது கணக்கில்ல. நீயே ஆஸ்பத்திரியில அந்தத் தவளையைப் பார்த்துத்தானே எழுந்த?"

அது உண்மை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட நாறியது.

அக்கா விடவில்லை. வாசல்வரை பின்னாலேயே வந்தாள். "சோறு போட்ட வீட்டுக்கு இதுதான் நீ செய்யறதா? ரெண்டு பூச்சி, ஒரு குருவி. அதுங்களுக்காகக் கூடப்பிறந்தவ குடும்பத்தை நடுத்தெருவுல நிறுத்துவியா?"

"அக்கா, அந்தக் குஞ்சு கால்..."

"எனக்கு வேண்டாம். சொல்லாத," என்று அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். "என் வீட்டுப் படி ஏறாத இனிமே."

அக்கா பயந்ததுபோல் யாரும் நடுத்தெருவுக்கு வந்துவிடவில்லை. போட்டியில் காரணம் சொல்லாமல் படத்தை விலக்கினார்கள். அத்தான் கழகத்தில், தானே விலகிக்கொண்டதாகச் சொன்னார். விருதுக்காகப் படம் எடுப்பதில்லை என்று பேசினார். அதற்கும் கைதட்டினார்கள். காலண்டர் அச்சிடுகிறவர்கள் மூலப்படம் எல்லாம் கேட்பதில்லை. புது வருடத்தில் 'தாய்மை' ஊரெங்கும் தொங்கியது. குட்டி அடையாள அட்டைப் படம் எடுக்கிற கடை ஒன்றில் சேர்ந்தாள். அங்கே எதையும் திருத்தக்கூடாது, மச்சம் இருந்தால் மச்சத்தோடே கொடுக்கவேண்டும். அக்கா பேசவில்லை. வீட்டுக்காரர் ஒருதரம் சமாதானத்துக்குப் போய், வாசலோடு திரும்பி வந்தார்.

கடைவாய்ப் பல் வலிக்கு மருத்துவரிடம் போனபோது காத்திருக்கும் அறையிலும் அந்தக் காலண்டர் இருந்தது. குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் மடியில் கைப்பையோடு ஒரு பெண்மணி, கன்னம் வீங்கியிருந்தது.

"எவ்வளோ அழகு பாருங்க," என்றாள் அந்தப் பெண்மணி, வீங்கிய வாயால் கஷ்டப்பட்டு. "வலியே மறந்துடும்போல இருக்கு."

குட்டி பேசாமல் இருந்திருக்கலாம். "அதுங்க கால்ல பசை போட்டு ஒட்டியிருக்கு," என்றாள்.

அந்தப் பெண்மணி எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலண்டருக்கு அருகில் போய் உற்றுப் பார்த்தாள். "எங்க? ஒண்ணும் தெரியலையே."

"தெரியாது. நான்தான் அதை அழிச்சேன். தட்டி பிடிச்சதும் நான்தான்."

பெண்மணி திரும்பி அவளைப் பார்த்தாள். சேற்றை மிதித்துவிட்டுக் காலைப் பார்ப்பதுபோன்ற பார்வை. குட்டிக்கு அது நன்றாகத் தெரிந்த பார்வை. நாற்காலியை மாற்றிக்கொள்வாள் என்று நினைத்தாள். ஆனால் அவள் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குஞ்சுங்க என்னாச்சு?" என்று கேட்டாள்.

இத்தனை மாதத்தில் அதை ஒருவரும் கேட்டதில்லை. உள்ளே யாருக்கோ பல் ராவுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணு அன்னிக்கே செத்துடுச்சு. ஒண்ணைக் காக்கா தூக்கிடுச்சு," என்றாள். "இன்னொண்ணு உயிரோட இருந்துச்சு. மறுபடி போய்ப் பார்த்தப்ப கூடு காலி. பறந்துச்சா என்னன்னு எனக்குத் தெரியலங்க."